டாலிவர் வீட்டின் வயது

பெல்லாமி தெருவில் வெண்கலத் தகடு அடித்த மறுநாளிலிருந்து டாலிவர் வீடு காலத்தில் பின்னோக்கிப் போக ஆரம்பித்தது. அந்த வசந்தத்தில் எங்கள் தெருவில் வேறு சிலவும் நடந்தன. முக்கிலிருந்த சலவைக்கடை காபிக்கடையானது, முட்டை விலை ஏறியது, மூடிக் கிடந்த லுத்தரன் தேவாலயத்தை வாங்கியவர்கள் அதற்குள் பீர் காய்ச்சத் தொடங்கினார்கள். அதிகம் பேசப்பட்டது பீர்தான். வீடு பின்னோக்கிப் போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் எங்கள் ஹேமன் குன்றில் அப்போது எல்லா வீடுகளும் பின்னோக்கித்தான் போய்க்கொண்டிருந்தன. மற்றவர்கள் அதற்கு ஆள் வைத்துக் கூலி கொடுத்தார்கள். டாலிவர் வீடு தானாகவே செய்துகொண்டது.

குன்றிலிருந்து சின்சினாட்டி டவுனுக்கு நடந்தே போய்விடலாம். ஒரு காலத்தில் வங்கிக்காரர்கள் எங்களுக்கு வீட்டுக்கடன் தர மறுத்தபோது சொன்ன காரணம் அதுதான். இப்போது வீட்டுத் தரகர்கள் விளம்பரத்தில் முதல் வரியாக எழுதுவதும் அதையேதான். பீரில் பணம் பார்த்த ஜெர்மானியர்கள் கட்டிய செங்கல் வீடுகள் இவை. அவர்கள் போனபின் மலைப்பக்கத்து ஏழை வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், அவர்களும் போனபின் கறுப்பர்களாகிய நாங்கள் வந்தோம். நாங்கள் முழுதாகக் கிளம்புவதற்குள் அடுத்தவர்கள் வந்துவிட்டதால் ஒருவரையொருவர் கொஞ்சம் நெருக்கிக்கொண்டு இருக்கவேண்டியதாயிற்று. வந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாய்க்கு மழைக்கோட்டு மாட்டுகிறவர்கள், எதிரில் வந்தால் கை காட்டுகிறவர்கள், தெருவில் குப்பை கிடந்தால் குனிந்து எடுக்கிறவர்கள். பழைய வீடுகளைக் காக்க ஹேமன் குன்று பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்றைக் கூட்டினார்கள். "யாருகிட்டேர்ந்து பாதுகாப்பு?" என்று கேட்டாள், டாலிவர் வீட்டுக்கு எதிர்வீட்டில் முன்னறையையே முடி அலங்காரக் கடையாக்கி வைத்திருக்கும் மோசெல் பூன். சங்கத்தில் எல்லோரும் நன்றாகச் சிரித்தார்கள், அதோடு சரி.

சங்கத்தின் தலைவர் பிரெஸ்டன் யேகர். பல் டாக்டர். டாலிவர் வீட்டுக்கு இடப்பக்கத்து வீட்டை வாங்கி, விடுமுறை நாளெல்லாம் ஏணிமேல் நின்று, மரவேலைப்பாட்டிலிருந்த பழைய பெயிண்டைப் பல்லில் கறை எடுப்பதுபோலச் சுரண்டி எடுத்த மனிதர். பழைய வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு தகடு வாங்கித் தருவது அவருடைய ஏற்பாடுதான். நீள்வட்ட வெண்கலத் தகடு. முதலில் கட்டியவர் பெயரும் கட்டிய ஆண்டும் அதில் இருக்கும். தகடு ஏறிய வீட்டை நகராட்சியே நினைத்தாலும் இடிக்க முடியாது. பதிலுக்கு வீட்டுக்காரர் ஒன்றே ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும்: வீடு தன் ஆண்டுக்கு உண்மையாக இருக்கும். அதாவது பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டக்கூடாது, கண்டபடி நிறம் பூசக்கூடாது. அவ்வளவுதான் என்று பிரெஸ்டன் நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

லூசியஸ் டாலிவர் தகடு வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றதற்குக் காரணம் இருந்தது. அவன் பிறந்தது கீழே, ஆற்றங்கரைச் சமவெளியில், மேற்குமுனை என்ற பகுதியில். அவனுக்கு ஏழு வயதாகும்போது நெடுஞ்சாலை போடுவதற்காக அந்தப் பகுதி முழுவதையும் வழித்து எடுத்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் தன் வீட்டுச் சுவரில் கட்டடம் இடிக்கும் இரும்பு உருண்டை மோதுவதைப் புத்தகப்பையோடு நின்று பார்த்தான். அவன் அப்பா குன்றில் இந்த வீட்டை வாங்கி, பின்னால் ஒரு சமையலறையைத் தன் கையாலேயே கட்டிச் சேர்த்து, இனி ஒருவனும் நம்மை இங்கிருந்து கிளப்ப முடியாது என்று சொன்னார். சொன்னபடியே அந்த வீட்டிலேயே செத்தார், அவர் மனைவியும் அங்கேயே. லூசியஸ் வளர்ந்து, முப்பது வருடத்துக்கு மேல் நகரப் பேருந்து ஓட்டினான். பள்ளி உணவகத்தில் சமையல் செய்துகொண்டிருந்த வெர்லீனைத் தன் பேருந்திலேயே சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டான். ஓய்வுபெற்ற மறுவருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் வெர்லீனின் கையைப் பிடித்து அவன் வாங்கிக்கொண்ட வாக்கு ஒன்றுதான். என்ன ஆனாலும் தன்னை வீட்டைவிட்டு எடுத்துப்போகக் கூடாது. முதியோர் இல்லம் கூடாது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கியில் மகள் வீடும் கூடாது. வெர்லீன் சரி என்றாள். அதற்காக வாசலில் மரச் சரிவுப் பாதை போட்டாள், கீழ்த்தளத்திலேயே குளியலறை கட்டினாள், முன்னறையில் கட்டில் போட்டாள்.

தகடு அடித்த அன்று சக்கரநாற்காலியில் வாசலுக்கு வந்து, திருகாணிகளை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தவன் லூசியஸ்தான். பிரெஸ்டன் முடுக்கினார். "கான்ராட் ஹெஸ் இல்லம், 1886" என்று அதில் இருந்தது. "என் பேரு எங்க?" என்று கேட்டான் லூசியஸ். கட்டியவர் பெயரைத்தான் போடுவது வழக்கம் என்றார் பிரெஸ்டன், காது சிவந்துபோய். "பரவால்ல டாக்டர். அவன் பேர போட்டுக்கங்க. நான் உள்ள இருந்துக்கறேன்" என்றான் லூசியஸ். எல்லோரும் கைதட்டினோம். வெர்லீன் எலுமிச்சைக் கேக் வெட்டினாள்.

முதலில் போனது கூரைமேலிருந்த டிஷ் ஆன்டெனா. அப்புறம் வாசலுக்கு மேலிருந்த அலுமினியத் தட்டி. திருடன் என்று நினைத்தார்கள். ஒரு காலையில் சுவரின் பச்சைப் பெயிண்ட் போய்ச் செங்கல் சிவப்பாக நின்றபோதுதான் திருடனை விட்டார்கள். அடைத்திருந்த ஜன்னல்கள் திறந்துகொண்டன, கூரை விளிம்பில் உதிர்ந்துபோயிருந்த மரச் செதுக்கல் பல் முளைப்பதுபோல ஒவ்வொன்றாக முளைத்தது. அந்த வருடம் சிறந்த புனரமைப்புக்கான சங்கத்தின் பரிசு டாலிவர் வீட்டுக்குக் கிடைத்தது. யார் வேலை செய்தது என்று புதிதாக வந்தவர்கள் வெர்லீனிடம் விசாரித்தார்கள். யாரும் செய்யவில்லை, அதுவாக ஆனது என்று அவள் உண்மையைச் சொன்னாள். அவள் தன் மேஸ்திரியைப் பங்குபோட்டுக்கொள்ள விரும்பவில்லை என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

இரண்டாம் வருடம் சரிவுப் பாதை போனது. அங்கே நல்ல கல் படிகள் வந்தன, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. அன்று லூசியஸுக்கு மருத்துவர் நாள். நாற்காலியோடு வாசற்படியில் உட்கார்ந்து கீழே இருந்த படிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிரெஸ்டனும் நானும் நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். வெர்லீன் தச்சனைக் கூப்பிட்டுப் புதிய சரிவு போட்டாள், மறுநாள் காலையில் அதுவும் இல்லை. தரையில் ஆணி அடிக்காமல் சும்மா பலகையைச் சாய்த்து வைத்தால் மட்டும் நின்றது. அப்படித்தான் அந்த வீட்டின் சட்டம் எங்களுக்குப் புரிந்தது. வீட்டோடு ஒட்டியது போகும். ஒட்டாதது இருக்கும். கட்டில் இருந்தது, நாற்காலி இருந்தது, குளிர்பெட்டி இருந்தது. மனிதர்கள் எந்த வகை என்பது அப்போது தெரியவில்லை.

அப்புறம் கீழ்த்தளத்துக் குளியலறை போனது. அங்கே சுவர் மட்டும் இருந்தது, முன்பு கதவு இருந்ததற்கான அடையாளமே இல்லாமல். வெர்லீன் வாளியும் துணியுமாக ஆனாள். அவள் அழுததை நான் பார்த்தது அந்த வாரத்தில்தான். பின்வாசலில் துணி பிழிந்துகொண்டே, தனக்குக் கோபப்பட ஆள் யாருமில்லை என்று சொல்லி அழுதாள். மோசெல் தெருவைத் தாண்டிப் போய் அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தத் தகட்டப் பேத்துக் கடாசுடி" என்றாள் மோசெல். "அது வந்தப்புறம்தானே இந்தக் கூத்தெல்லாம்?"

"அவன் விடமாட்டேங்கறான்."

"அவன் எந்திரிச்சு வந்து தடுக்கவா போறான்? நீ ஸ்க்ரூடிரைவர எடு. நான் போய் அவன்கிட்ட பேஸ்பால் பேசிட்டு உக்காந்திருக்கேன்."

வெர்லீன் திருப்புளியை எடுத்துக்கொண்டு போனாள்தான். ஆனால் அவனிடம் சொல்லாமல் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. முன்னறை ஜன்னல் வழியாக லூசியஸ் அவளைப் பார்த்தான். "வெர்லீன், அத கழட்டின அன்னிக்கே புல்டோசர் வரும். நீ பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன்" என்றான். அவன் குரலில் அந்த ஏழு வயது இருந்தது. அவள் திருப்புளியைக் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குக் கழற்றியிருந்தால் கழன்றிருக்கும் என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். சொல்லி என்ன பயன்.

சமையலறை போனபோது அடுப்பில் கெட்டா வறுபட்டுக்கொண்டிருந்தது. ஓட்ஸும் பன்றி இறைச்சியும் சேர்த்துப் பிசைந்து நாங்கள் காலையில் மொறுமொறுப்பாக வறுத்துத் தின்பது அது. தட்டு எடுக்க முன்பக்கம் வந்த வெர்லீன் திரும்பிப் போனால் சமையலறை இல்லை. மாமனார் கட்டிய சுவர்கள் இல்லை, அவர் ஒட்டிய மஞ்சள் தரைவிரிப்பு இல்லை. புல்தரைமேல் குளிர்பெட்டியும் மேஜையும் நின்றன. வறுசட்டி புல்லில் உட்கார்ந்து இன்னும் சீறிக்கொண்டிருந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு வந்து லூசியஸுக்கு ஊட்டினாள். சமையலறையைப் பற்றி அப்போது சொல்லவில்லை. அவன் மென்றுகொண்டே, அப்பாவுடையதா போனது என்று கேட்டான். ஆமாம் என்றாள்.

மின்கம்பிகள் போயின, காஸ் விளக்குகள் வந்தன, பிறகு அவையும் போய் மண்ணெண்ணெய் விளக்குக்கான கொக்கிகள் மட்டும் மிஞ்சின. மாவட்ட நலத்துறையிலிருந்து ஒரு பெண் வந்து, தண்ணீரும் மின்சாரமும் இல்லாத வீட்டில் நோயாளியை வைத்திருக்க முடியாது, கென்டக்கியில் நல்ல இல்லம் ஒன்றில் இடம் இருக்கிறது என்று அன்பாகச் சொன்னாள். மகளும் தொலைபேசியில் அதையே கத்திச் சொன்னாள். வெர்லீன் முடியாது என்றாள். அந்தப் பெண் மறுபடி வருவதாகச் சொல்லிப் போனாள். எங்கள் தெருவில் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டோம். மோசெல் வெந்நீர் கொடுத்தாள். பிரெஸ்டன் தன் வீட்டிலிருந்து நீண்ட மின்வடத்தை ஜன்னல் வழியாக விட்டார், அதைச் சுவரில் படாமல் தரையில் போட்டதால் அது போகவில்லை.

லூசியஸை உடைத்தது இதெல்லாம் இல்லை. முன்னறைக்கும் நடைக்கும் நடுவிலிருந்த கதவுச் சட்டத்தில் அவன் அப்பா பென்சிலால் அவன் உயரத்தைக் குறித்து வைத்திருந்தார். ஏழு வயதிலிருந்து தொடங்கும் கோடுகள். மேற்குமுனையில் அதற்கு முன் குறித்தவை இரும்பு உருண்டையோடு போயின. ஒரு காலையில் அந்தச் சட்டம் புது மரமாக, மெழுகு பூசி, வழவழவென்று இருந்தது. அவன் இடது கையால் அதைத் தடவிப் பார்த்தான். பிறகு வாய்விட்டு அழுதான், குழந்தைபோல, தெருவுக்குக் கேட்கும்படி. "கழட்டு வெர்லீன். கழட்டிரு. நான் சொன்னது தப்பு" என்றான்.

அன்று காலையே பிரெஸ்டன் கருவிப்பெட்டியோடு வந்தார். திருகாணிகள் சுற்றின, சுற்றின, வெளியே வரவில்லை. துளைபோடும் இயந்திரத்தின் முனைதான் மழுங்கியது. கடப்பாரை வளைந்தது. பிரெஸ்டன் நகராட்சிக் குழுவில் தகட்டை நீக்கக் கோரினார். புனரமைப்பு இவ்வளவு சிறப்பாக நடந்துகொண்டிருக்கும்போது நீக்குவதற்குக் காரணம் போதாது என்றார்கள். அவர் அங்கேயே எழுந்து நின்று சத்தம் போட்டாராம். பிறகு எங்களிடம் வந்து, எப்படியும் அது தன் ஆண்டை எட்டியதும் நின்றுவிடும் என்றார். அதில் நியாயம் இருந்தது. வெர்லீனும் அதைப் பிடித்துக்கொண்டாள். பழைய காலத்தில் மனிதர்கள் அந்த வீட்டில் வாழவில்லையா, விறகு எரிக்கவில்லையா, வாளியில் குளிக்கவில்லையா? "நிக்கட்டும், லூ. நின்னா போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று அவனிடம் நூறு தடவை சொல்லியிருப்பாள்.

மூன்றாம் வருடம் மே மாதத்தில் வீடு அவ்வளவு அழகாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். படிக்கட்டின் கைப்பிடி வால்நட் மரத்தில் பளபளத்தது, கதவின் மேல்கண்ணாடியில் திராட்சைக்கொடி செதுக்கியிருந்தது, உட்கூரையில் பதித்த சுண்ணாம்புப் பூக்கள் நேற்று வைத்தவைபோல ஈரமாக இருந்தன. பழைய வீடுகளை வெளியாட்கள் சுற்றிப்பார்க்கும் வருடாந்தர நாளில் மற்ற வீடுகளில் பத்துப் பேர் என்றால் டாலிவர் வீட்டு வாசலில் வரிசை முக்கைத் தாண்டி நின்றது. காலணிமேல் நீலக் காகித உறை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். சங்கத்துப் பெண் ஒருத்தி கான்ராட் ஹெஸ் எந்த அறையில் சுருட்டுப் பிடித்தார் என்று விளக்கினாள். லூசியஸ் கட்டிலில் கிடந்ததால் அவனைச் சுற்றி வெல்வெட் கயிறு கட்டியிருந்தார்கள். வெளியூர்க்காரி ஒருத்தி குனிந்து, இவரும் காட்சியில் சேர்த்தியா என்று வெர்லீனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இல்லம்மா, இவரு வீட்டுக்காரரு" என்றாள் வெர்லீன்.

"எனக்கும் ஒரு ஆண்டு இருக்கு, பொறந்த ஆண்டு. சொல்லட்டுமா?" என்றான் லூசியஸ் கட்டிலிலிருந்து. அந்தப் பெண் வெட்கப்பட்டு வெளியே போய்விட்டாள். அவனுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு. பக்கவாதத்துக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஜூனில் உட்கூரைச் சுண்ணாம்புப் பூக்கள் போயின. வெர்லீன் அண்ணாந்து பார்த்துவிட்டு நேரே பிரெஸ்டன் வீட்டுக்குப் போனாள். இன்னுமா எட்டவில்லை என்று கேட்டாள். பிரெஸ்டன் அவளோடு வந்து அறை அறையாகப் பார்த்தார். கதவின் கண்ணாடி போயிருந்தது, படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லை, மேல்தளத்துச் சுவர்களில் பூச்சில்லாமல் மரச்சட்டங்கள் தெரிந்தன. அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கான்ராட் ஹெஸ் 1886இல் வாங்கியது மனையை. கையில் காசு சேர்ந்து அவர் வீட்டைக் கட்டி முடிக்க மேலும் மூன்று வருடம் ஆயிற்று. சங்கத்தில் எல்லா வீடுகளுக்கும் மனை வாங்கிய ஆண்டையே பொறித்துக்கொண்டிருந்தார்கள், ஒன்றிரண்டு வருடம் முன்பின் இருந்தால் யாருக்கு என்ன என்று. பழைய ஆண்டாக இருந்தால் எல்லோருக்கும் பெருமைதானே.

"அப்போ இந்த மனையில எண்பத்தாறுல என்ன இருந்துச்சு டாக்டர்?" என்று கேட்டாள் வெர்லீன்.

"புல்லு, மிசஸ் டாலிவர்" என்றார்.

அவர் மற்ற வீடுகளின் தகடுகளையெல்லாம் பார்க்க ஓடினார். ஆனால் அந்த வீடுகள் எதுவும் தானாகப் பின்னோக்கி நகரவில்லை. எங்கள் தெருவில் தகட்டைக் காப்பாற்றும் சாமானாக முழுதாக நம்பியவன் லூசியஸ் ஒருவன்தான், அதனால்தான் அது அந்த வீட்டில் மட்டும் பலித்தது என்று மோசெல் சொல்வாள். அது சரியா என்று எனக்குத் தெரியாது. ஆண்டைத் திருத்துவதற்கு பிரெஸ்டன் மறுபடி குழுவிடம் போனார். திருத்தலாம், ஆனால் வசந்தக் கூட்டத்தில்தான் எடுப்போம் என்றார்கள். அதற்குள் ஓடுகள் போய்விட்டன.

அந்தக் கோடையில் கட்டட வேலை தலைகீழாக நடந்தது. ஆட்கள் யாரும் இல்லை. சாரம் தானாக நின்றது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் செங்கல் சுவரிலிருந்து இறங்கித் தெருவோரம் அடுக்காக நின்றது, மறுநாள் அந்த அடுக்கும் இல்லை. மேல்தளம் போனது, படிக்கட்டு போனது. எங்களால் முடிந்ததெல்லாம் செய்தோம், ஒன்றும் ஆகவில்லை. நான் ஒருநாள் முழுக்க ஒரு சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து பார்த்தேன். மாலையில் மல்லாக்க விழுந்தேன். வெர்லீன் லூசியஸிடம், மோசெல் வீட்டு முன்னறைக்குப் போகலாமா, தெருவைத்தான் தாண்டப் போகிறோம் என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அவன் அவளையே பார்த்தான். அவள் அதற்கப்புறம் கேட்கவில்லை. செப்டம்பரில் முன்சுவர் இறங்கியது. தகடு மட்டும் விழவில்லை. சுவர் இருந்த இடத்தில், அதே உயரத்தில், காற்றில் தொங்கியது. புறா ஒன்று வந்து அதன்மேல் உட்கார்ந்து பழகிக்கொண்டது.

கடைசியில் தரைப்பலகைகளும் போய், கட்டில் புல்லின்மேல் நின்றது. பக்கத்தில் அவன் நாற்காலி, அவள் நாற்காலி, உடுப்பு அலமாரி, மின்வடத்தில் எரியும் ஒரு மேஜைவிளக்கு. எல்லாம் அந்தந்த அறையில் இருந்த இடத்திலேயே இருந்தன. நலத்துறைப் பெண் மறுபடி வந்தாள். மனை விளிம்பில் நின்று, நோயாளியை அவருடைய வீட்டிலிருந்து அப்புறப்படுத்தத்தான் தனக்கு அதிகாரம் இருக்கிறது, இங்கே வீடு இல்லையே என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். நல்லவேளையாக அந்த அக்டோபர் வெதுவெதுப்பாக இருந்தது. மழை வந்த இரண்டு நாளும் நாங்கள் முறைபோட்டு, பெரிய கடற்கரைக் குடைகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிரெஸ்டன் தன் முறை முடிந்தும் போகவில்லை. நனைந்துகொண்டே நின்றார், நாங்களும் அவரைப் போகச் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். அந்த மனையின் குறுக்கே யாரும் நடக்கவில்லை. முக்குக்குப் போக அது குறுக்குவழி, காபிக்கடைக்கு வருகிற புது ஆட்களுக்கு எதுவும் தெரியாது. அவர்களும் சுற்றித்தான் போனார்கள். நாய்கள்கூடச் சுவர் இருந்த கோட்டில் மோந்துவிட்டுத் திரும்பின. லூசியஸ் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தான். டவுன் கோபுரங்கள் தெரிகின்றன, முன்பு பிரெஸ்டன் வீட்டுச் சுவர்தான் தெரியும் என்றான்.

"குளிருதா லூ?"

"இல்ல. சன்னல மூடாத. நல்லாருக்கு."

"பயமா இருக்கா?"

"எதுக்கு? நான் எங்கயும் போகலையே" என்றான் லூசியஸ். அவள் அவன் தலையைத் தன் மடியில் எடுத்துக்கொண்டாள். அன்று பிற்பகலில், பள்ளிப் பேருந்து குன்றேறும் சத்தம் கேட்கும் நேரத்தில், அவன் தன் வீட்டில் செத்தான்.

டவுனிலிருந்து ஈமக்கிரியைக்காரர்கள் வந்தார்கள். அவன் அப்பாவையும் அம்மாவையும் எடுத்த அதே நிறுவனம், மூத்தவர் அதே ஆள், உடன் அவருடைய மருமகன். வாசற்படி இருந்த இடத்தில் தொப்பியைக் கழற்றினார்கள். அவனைத் தூக்குபடுக்கையில் கிடத்தி, முன்னறையைத் தாண்டி நடைக்கு வந்தார்கள். அந்த வீட்டின் நடையில் படிக்கட்டுக்கு அடியில் ஒரு இடுக்கான திருப்பம் உண்டு. அங்கே எந்தத் தூக்குபடுக்கையும் நேராகத் திரும்பாது, தலைமாட்டை உயர்த்திச் சாய்த்துத்தான் கொண்டுபோக வேண்டும். இருவரும் புல்லில் நின்றார்கள். தலைமாட்டை உயர்த்தினார்கள்.

"மெதுவா, அந்த மூல இடிக்கும்" என்றாள் வெர்லீன்.

"தெரியும், மிசஸ் டாலிவர்" என்றார் மூத்தவர். மூலையில் இடிக்காமல் திரும்பி, நடையைக் கடந்து, இல்லாத படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி அவனைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். மோசெல் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். தகட்டிலிருந்த புறா பறந்துபோய், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது.

அடக்கம் முடிந்து வெர்லீன் வீட்டுக்கே திரும்பினாள். மகள் தன்னோடு வரும்படி வற்புறுத்தினாள், நாங்களும் சொன்னோம், அவள் கேட்கவில்லை. குளிர் தொடங்கியதும் இரவில் படுக்க மட்டும் மோசெல் வீட்டுக்குப் போவாள். காலையில் திரும்பி வந்து, முன்னறையில் தன் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிப்பாள். தபால்காரர் கடிதங்களை அவள் கையில் கொடுக்காமல் வாசல் இருந்த இடத்தில் கீழே வைத்துவிட்டுப் போவார், அவள் எழுந்து வந்து எடுத்துக்கொள்வாள். வசந்தக் கூட்டத்தில் குழு ஆண்டைத் திருத்தச் சம்மதித்தது. பிரெஸ்டன் 1889 என்று பொறித்த புதுத் தகட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். பழைய தகடு அதே இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி ஓரடி வைத்தால் அவள் முன் நின்றிருக்கலாம், அவள் அங்கே உட்கார்ந்திருப்பது தெருவுக்கே தெரிந்தது.

அவர் ஓரடி வைக்கவில்லை. தகட்டுக்குக் கீழே நின்று, கையை உயர்த்தி, காற்றில் மூன்று முறை தட்டினார். சத்தம் எங்களுக்கெல்லாம் கேட்டது, கெட்டியான ஓக் மரத்தில் தட்டிய சத்தம்.

"யாரு?" என்று கேட்டாள் வெர்லீன் உள்ளேயிருந்து.

"நான்தான் மிசஸ் டாலிவர். பிரெஸ்டன்."

"தொறந்துதான் இருக்கு டாக்டர். கால தொடச்சிட்டு வாங்க."

பிரெஸ்டன் புல்லில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.